பதினெட்டுப் பேர், ஏழு நிமிடம்: ஃபோஷான் சந்தைத் தெரு விபத்து – ஒரு நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

ஆபத்தில் கிடக்கும் அந்நியருக்கு ஆட்கள் ஏன் உதவுவதில்லை என்ற பேச்சு எழுந்தால், பெரும்பாலும் 1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் நடந்த ஒரு பெண்ணின் கொலையைத்தான் சொல்வார்கள். 38 பேர் ஜன்னல் வழியே பார்த்திருந்தும் ஒருவர்கூட போலீசைக் கூப்பிடவில்லை என்று இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தச் செய்தியில் பிழைகள் மலிந்திருந்தது பின்னாளில் தெரியவந்தது. தாக்குதலை முழுவதுமாகப் பார்த்தவர் யாருமில்லை. ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்டியதால்தான் கொலையாளி முதலில் விலகிப் போனான். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்திருந்தவர் அதே கட்டடத்தில் குடியிருந்த இன்னொரு பெண். 2016-ல் அந்த நாளிதழே தன் பழைய செய்தியின் குறைகளை ஒப்புக்கொண்டது.

அதனால் இங்கே வேறொரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறோம். 2011-ல் சீனாவின் ஃபோஷான் நகரில் நடந்த இந்த விபத்து தொடக்கம் முதல் இறுதிவரை கண்காணிப்பு கேமராவில் பதிவாகியுள்ளது. எத்தனை பேர் கடந்தார்கள், எந்த வண்டி எப்போது வந்தது என்பதையெல்லாம் யாருடைய நினைவையும் நம்பாமல் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பதினெட்டுப் பேரையும் "மனசாட்சி இல்லாதவர்கள்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டால், இந்த நிகழ்விலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொருவரும் எந்தப் படியில் தடுக்கினார் என்று பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. சம்பந்தப்பட்ட யாருடைய பெயரையும் இதில் குறிப்பிடவில்லை.

பின்னணி

ஃபோஷான், குவாங்டொங் மாகாணத்தில் குவாங்சோவை ஒட்டிய தொழில் நகரம். விபத்து நடந்த இடம் அங்குள்ள இரும்புச் சாமான் மொத்த விற்பனைச் சந்தை. தெரு குறுகலானது, இரு பக்கமும் கடைகள், சரக்கு அடுக்குகள் தெருவோரம்வரை வந்து நிற்கும். ஆள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், சரக்கு வேன் எல்லாம் ஒரே தடத்தில் போய்வரும். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் பெரும்பாலும் கடை நடத்துகிறார்கள். கடைக்கு அருகிலேயே வீடு என்பதால் பிள்ளைகள் தெருவில் விளையாடுவது அன்றாடக் காட்சி. அப்படியொரு தெருவில் ஒரு குழந்தை தனியாக நின்றாலும் அழுதாலும் யாரும் பதற மாட்டார்கள். "யார் கடைப் பிள்ளையோ" என்று நினைத்து வேலையைப் பார்ப்பார்கள். இந்தப் பழக்கம் பின்னால் பெரும் பங்கு வகித்தது.

இன்னொரு பின்னணி ஐந்தாண்டு பழையது. 2006 நவம்பரில் நான்ஜிங் நகரப் பேருந்து நிறுத்தம் ஒன்றில் ஒரு மூதாட்டி கீழே விழுந்தார். அவரைத் தூக்கி மருத்துவமனைக்குக் கூட்டிப்போன இளைஞர் செலவுக்கு இருநூறு யுவானுக்கு (சீன நாணயம்) மேல் பணமும் கொடுத்தார். பிறகு மூதாட்டியின் குடும்பம், இடித்துத் தள்ளியதே அவர்தான் என்று வழக்குப் போட்டது. 2007 செப்டம்பரில் கீழ் நீதிமன்றம், இழப்பில் 40 சதவீதமாக 45,876 யுவானை அந்த இளைஞர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாட்டையே கலக்கியது தொகை அல்ல, தீர்ப்பின் வாதம். இடிக்காதவர் ஏன் தூக்கப் போகிறார், ஏன் மருத்துவமனைவரை வரப்போகிறார், ஏன் பணம் கொடுக்கப் போகிறார் என்று "பொது அறிவை" வைத்து நீதிமன்றம் முடிவுகட்டியிருந்தது. இடித்ததை அந்த இளைஞர் ஒப்புக்கொண்டார் என்று 2012-ல் நான்ஜிங் அதிகாரி ஒருவர் அறிவித்தார். ஆனால் அதற்குள், 2011 அக்டோபருக்கு வெகுமுன்பே, "தூக்கினவனே இடிச்சவன்" என்ற பாடம் தெருவெங்கும் பரவிவிட்டது.

ஃபோஷான் விபத்துக்கு ஒரு மாதம் முன்பு சீன சுகாதார அமைச்சகம், கீழே விழுந்த முதியவர்களைக் கையாள்வது பற்றி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருந்தது. அவசரப்பட்டுத் தூக்காதீர்கள், நிலைமையைப் பார்த்துச் செயல்படுங்கள் என்றது அது. மருத்துவ நோக்கில் சரியான அறிவுரைதான். ஆனால் அது வெளியான நேரம் அப்படி: "அரசே தூக்காதே என்கிறது" என்று புரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

நடந்தது

2011 அக்டோபர் 13, மாலை ஐந்தரை மணியை ஒட்டிய நேரம். மழை, மங்கிய வெளிச்சம். தாய் காயப்போட்ட துணியை எடுக்கப் போயிருந்த இடைவெளியில், இரண்டு வயதுப் பெண் குழந்தை தெருவில் நடந்து வந்துவிட்டது.

எதிரே வந்த சரக்கு வேன் குழந்தையை இடித்துக் கீழே தள்ளி முன்சக்கரத்தை ஏற்றியது. வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது, பின்சக்கரமும் ஏறி இறங்கியது. ஓட்டுநர் இறங்கவில்லை, போய்விட்டார்.

குழந்தை தெருவோரம் உயிரோடு கிடந்தது. கையும் காலும் அசைந்தன. வழிப்போக்கர் சிலர் கடந்துபோன பின் சிறிய லாரி ஒன்று வந்து அதே குழந்தையின் கால்கள்மீது ஏறிப் போனது. பிறகும் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நடந்து போனவர்கள், மோட்டார் சைக்கிளிலும் மூன்று சக்கர வண்டியிலும் போனவர்கள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு தாய். சிலர் குனிந்து பார்த்தார்கள், சிலர் வண்டியை ஒடித்து விலகிப் போனார்கள், சிலரின் தலை திரும்பவே இல்லை. சுமார் ஏழு நிமிடத்தில் கடந்தவர்கள் 18 பேர்.

பத்தொன்பதாவதாக வந்தவர் குப்பையில் பழைய பொருள் பொறுக்கி விற்கும் பெண். கையிலிருந்த மூட்டையைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கப் பார்த்தார். உடல் துவண்டு சரிந்தது. தெருவின் ஓரத்துக்கு இழுத்துக் கிடத்தினார். பக்கத்துக் கடைகளில் யார் பிள்ளை என்று குரல் கொடுத்தார். சரியான பதில் வராததால் தேடிப் போனார். தாய் ஓடிவந்து வாரி எடுத்துக்கொண்டு போனார். குவாங்சோவில் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தை அக்டோபர் 21 அன்று இறந்தது.

கேமரா சொல்வதும் சொல்லாததும்

இந்தப் பதிவை உலகமே பார்த்துவிட்டதால் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கேமரா உயரத்திலிருந்து, ஒரே கோணத்தில், ஒலியில்லாமல் பார்க்கிறது. பார்க்கிற நமக்கு முன்கதை தெரியும்: வேன் ஏறியதை அப்போதுதான் பார்த்தோம். தெருவில் வந்தவருக்கு அது தெரியாது. மழை மாலையில் சரக்கு அடுக்கின் ஓரமாக ஏதோ கிடக்கிறது என்பதில்தான் அவருடைய காட்சி தொடங்குகிறது.

இதனால் எல்லாரும் குற்றமற்றவர்கள் ஆகிவிடுவதில்லை. குழந்தையைப் பார்த்தபின் விலகிப் போனவர்கள் படத்தில் தெளிவாகத் தெரிகிறார்கள். ஆனால் "பார்க்காமல் போனவர்", "பார்த்தும் புரியாதவர்", "புரிந்தும் பயந்தவர்" மூவரும் கேமராவில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

பிறகு செய்தியாளர்கள் சிலரைத் தேடிப் போய்க் கேட்டார்கள். சிலர் கவனிக்கவே இல்லை என்றார்கள். விழுந்து அழுகிற குழந்தை, பெற்றோர் பக்கத்தில் இருப்பார்கள் என்று நினைத்ததாகவும் பதில் வந்தது. மகளோடு வந்த தாய் சொன்னதுதான் மிக முக்கியமான சாட்சியம்: ரத்தத்தைப் பார்த்துத் தானும் மகளும் பயந்துவிட்டதாகவும், அருகிலிருந்த கடையில் உங்கள் பிள்ளையா என்று கேட்டதற்கு இல்லை என்றதாகவும், வேறு யாரும் தொடாதபோது தான் மட்டும் எப்படித் தொடுவது என்று போய்விட்டதாகவும் சொன்னார். அவர் கவனித்தார், நின்றார், கேட்கவும் செய்தார். ஒரே ஒரு படியில் தடுக்கினார்.

எங்கே தடுக்கினார்கள்

பிப் லாத்தானே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள், கியூ கார்டன்ஸ் கொலைக்குப் பின் 1960-களின் இறுதியில் நடத்திய சோதனைகளிலிருந்து ஒரு படிவரிசையை வகுத்தார்கள். உதவி ஒரே துள்ளலில் நடப்பதில்லை. முதலில் கண்ணில் பட வேண்டும். பிறகு இது அவசரம் என்று புரிய வேண்டும். அடுத்து, இது என் பொறுப்பு என்று தோன்ற வேண்டும். என்ன செய்வது என்று தெரிய வேண்டும். கடைசியில், செய்தால் வரும் வினையைத் தாண்டிக் கை நீள வேண்டும். ஐந்தில் எது சறுக்கினாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஆள் போய்விட்டார்.

முதல் படி: வேலை முடிந்து, மழையில், தலை குனிந்து வேகமாகப் போகிறவருக்குப் பார்வை குறுகிவிடும். 1973-ல் டார்லியும் டேனியல் பேட்சனும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். வழியில் ஒருவர் இருமியபடி சுருண்டு கிடந்தார். நேரம் இருக்கிறது என்று நம்பியவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். அடிபட்டுக் கிடந்த அந்நியருக்கு உதவியவனைச் சொல்லும் விவிலியத்து நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போய்க்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கற்ற நீதியைவிடக் கடிகாரம் வலுவாக இருந்தது.

இரண்டாம் படியும் மூன்றாம் படியும்தான் இங்கே கனமானவை. இதில் பாடப்புத்தக விளக்கத்தை அப்படியே ஒட்டக்கூடாது என்று நினைக்கிறோம். கூட்டம் கூடக்கூடப் பொறுப்பு பங்குபோட்டுக் கரைந்துவிடும் என்பது அந்த விளக்கம். லாத்தானே, டார்லி இருவரின் 1968 சோதனையில் மாணவர்கள் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்டது. தான் ஒருவனே கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், குரல் அடங்கும் முன்பே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி எழுந்தவர்கள் 31 சதவீதம். எழாதவர்கள் சும்மா இருக்கவில்லை. உள்ளங்கை வியர்த்து, கை நடுங்கி, ஆராய்ச்சியாளர் உள்ளே வந்ததும் "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்டார்கள்.

ஃபோஷானில் கூட்டமே இல்லை. பதினெட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள். அந்தக் குழந்தையின் முன் ஏறக்குறைய ஒவ்வொருவரும் தனியாகத்தான் நின்றார்கள். அப்படியானால் பொறுப்பு யாரோடு பங்குபோடப்பட்டது? எங்கள் கணிப்பு இது: தெருவில் ஆள் கூட்டம் இல்லை, கடைக் கூட்டம் இருந்தது. இருபுறமும் திறந்த கடைகள், உள்ளே விளக்கு, ஆட்கள். "இங்கேயே இருப்பவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்றால், இது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்" என்று வழிப்போக்கர் நினைக்கிறார். "வழியில் போகிறவர்கள் நிற்காமல் போகிறார்கள் என்றால், ஒன்றும் பெரிதாக இருக்காது" என்று கடைக்காரர் நினைக்கிறார். இவர் அமைதி அவருக்குச் சாட்சி, அவர் அமைதி இவருக்குச் சாட்சி. முன்னே போனவர் நிற்காததைப் பின்னே வந்தவர் பார்க்கிறார். மூன்றாமவர் கடக்கும்போது, கடந்து போவதே அந்தத் தெருவின் நடைமுறை ஆகிவிடுகிறது.

நான்காம் படியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ரத்தம் வழிகிற இரண்டு வயதுக் குழந்தையை எங்கே பிடிப்பது, தூக்கலாமா கூடாதா? தெரியாதவர் தள்ளி நிற்பது இயல்பு. தள்ளி நிற்கத் தொடங்கியவர் சில நொடியில் நகர்ந்துவிடுவார்.

ஐந்தாம் படியில் நான்ஜிங் தீர்ப்பு நின்றது. அடிபட்ட குழந்தையின் பக்கத்தில் முதலில் காணப்படுபவன் குற்றவாளி ஆவான் என்ற பயம் எத்தனை பேரைத் தடுத்தது என்று எண்ணிச் சொல்ல வழியில்லை. ஆனால் யாரும் தொடாதபோது நான் தொடுவதா என்ற வாக்கியத்தில் அந்தப் பயம் இருக்கிறது.

பத்தொன்பதாமவர் எடுத்த முடிவுகள்

அவர் ஏன் நின்றார் என்று கேட்டால் "நல்ல மனசு" என்று முடித்துவிடுவார்கள். அது உண்மைதான், போதாது. பொறுக்குபவரின் தொழிலே தரையைப் பார்ப்பது. மற்றவர் கண்ணில் படாமல் போவது அவர் கண்ணில் படும். அவர் எந்தக் கடைக்கும் நேரத்துக்குப் போக வேண்டியவரும் அல்ல. முதல் படியில் அவருக்குத் தடையே இல்லை.

அடுத்த முடிவு, இழுத்து ஓரத்தில் கிடத்தியது. முதுகெலும்பு முறிந்திருக்கலாம், நகர்த்தக்கூடாது என்று பின்னர் குறை சொன்னவர்கள் உண்டு. பொது விதி அதுதான். ஆனால் அந்த விதிக்கு ஒரு விலக்கு எல்லா முதலுதவிப் பாடத்திலும் உண்டு: கிடக்கும் இடமே ஆபத்தானால் நகர்த்த வேண்டும். ஏற்கெனவே இரண்டாவது வண்டி ஏறிய தடம் அது. மூன்றாவது வண்டி வரும்வரை காத்திருப்பதைவிட ஓரத்துக்கு இழுத்தது சரியான முடிவு. முதலில் நிமிர்த்தித் தூக்கப் பார்த்தது மட்டும்தான் தவிர்த்திருக்க வேண்டியது. துவண்ட உடலை நிமிர்த்தினால் கழுத்து மடங்கும்.

மூன்றாவது முடிவு குரல் கொடுத்தது. மற்றவர்களின் தவறான புரிதலை உடைத்தது அதுதான். ஆனால் பொதுவாகக் கூவியதால் எந்தக் கடையிலிருந்தும் ஆள் வெளியே வரவில்லை. அவரே தேடிப் போக வேண்டியதாயிற்று. அந்த நேரம் குழந்தை தனியாகக் கிடந்தது.

பின்விளைவு

வேன் ஓட்டுநர் சில நாளில் சரணடைந்தார். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2012-ல் முதல் நீதிமன்றம் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை விதித்தது. படத்தில் தெரிந்த சிலரை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து வசைபாடினார்கள். பொறுக்கும் பெண்ணுக்குப் பரிசும் பாராட்டும் வந்தன. பெயர் வாங்கத்தான் செய்தார் என்ற பேச்சும் கூடவே வந்தது. உதவாதவரை அவமானப்படுத்துவது அடுத்தவரை உதவ வைக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. உதவியவரையும் சந்தேகிக்கும் ஊரில், ஒன்றும் பார்க்காததுபோல் போவதுதான் பாதுகாப்பு என்றே அது கற்றுக்கொடுக்கும்.

நிலைத்த மாற்றம் சட்டத்தில் வந்தது. குவாங்டொங் மாகாணத்திலேயே உள்ள ஷென்ஜென் நகரம், உதவுபவரைப் பாதுகாக்கும் விதிமுறையை 2013 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இடித்தது இவர்தான் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்றது அது. நான்ஜிங் தீர்ப்பின் வாதத்தை நேராகத் தலைகீழாக்கியது. 2017 அக்டோபர் 1 முதல் சீனா முழுவதற்குமான குடிமைச் சட்டப் பொதுவிதிகளில் 184-வது பிரிவு நடைமுறைக்கு வந்தது: தானாக முன்வந்து அவசர உதவி செய்தவர், அதனால் உதவி பெற்றவருக்குத் தீங்கு நேர்ந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை. வரைவில் "பெரும் கவனக்குறைவு இருந்தால் பொறுப்பு உண்டு" என்ற விலக்கு இருந்தது. தெருவில் நிற்பவர் தன் கவனக்குறைவு பெரிதா சிறிதா என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அந்த விலக்கை இறுதியில் எடுத்துவிட்டது நல்ல முடிவு.

ஆய்வுலகின் பார்வையும் இதற்கிடையே மாறியது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் தெருச் சண்டைப் பதிவுகள் 219-ஐப் பார்த்தது. 91 சதவீதத்தில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆள் கூடக்கூட யாரேனும் தலையிடும் வாய்ப்பும் கூடியது. சண்டை சத்தமானது, அது அவசரம் என்பதில் குழப்பமில்லை. மழை மாலையில் ஓசையில்லாமல் கிடக்கும் குழந்தை அப்படி அல்ல.

நம் ஊரில் இதே பயம்

இந்தியாவில் இந்தப் பயத்துக்கு வேறு பெயர்: போலீஸ் கேஸ். 2013-ல் சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் அறக்கட்டளை நடத்திய ஆய்வில், விபத்தில் அடிபட்டவருக்கு உதவ முன்வர வாய்ப்பில்லை என்று 74 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் காட்டிய காரணம் போலீஸ் விசாரணை, கோர்ட்டுக்கு அலைச்சல் போன்ற சட்டத் தொந்தரவு.

விபத்தில் உதவுபவரைப் பாதுகாக்க மத்திய அரசு 2015 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது, அதற்கான விதிகள் 2020 செப்டம்பரில் வந்தன. தமிழில் நற்கருணை வீரன் என்று வழங்கும் இந்த உதவியாளருக்குள்ள உரிமைகளை எளிதாகச் சொன்னால்: பெயர், முகவரி கொடுக்கும்படி அவரை வற்புறுத்தக்கூடாது. மருத்துவமனை அவரைப் பிடித்துவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. நல்லெண்ணத்தில் செய்த உதவியில் பிசகு நேர்ந்தாலும் அவர்மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை இல்லை. சாட்சி சொல்வது அவர் விருப்பம். சொல்ல முன்வந்தால் ஒருமுறைதான் விசாரிக்கலாம், அவருக்குத் தோதான இடத்தில், காவலர் சீருடையில்லாமல் வந்து.

செலவை யார் ஏற்பது என்ற கவலைக்குத் தமிழ்நாட்டில் விடை இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் இதில் அடக்கம். எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. உயிர் காக்கும் முதல் மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்த்தவருக்கு மத்திய அரசு 2021 அக்டோபர் முதல் 5,000 ரூபாய் வெகுமதி அறிவித்து, 2025-ல் 25,000 ஆக்கியது. வெகுமதியைவிட, மேலே சொன்ன உரிமைகள் நாலு பேருக்குத் தெரிவதுதான் அதிகப் பயன் தரும் என்பது எங்கள் கருத்து.

ஓர் ஓட்டையும் உண்டு. 134ஏ மோட்டார் வாகன விபத்துக்கானது. பேருந்து நிலையத்தில் நெஞ்சுவலியால் சாய்ந்தவரைத் தொட்டவருக்கு அது நேராகப் பொருந்தாது. அங்கே கைகொடுப்பது, சம்மதம் சொல்ல இயலாதவருக்கு நல்லெண்ணத்தில் செய்த செயல் குற்றமாகாது என்ற பொதுவிதி. பழைய தண்டனைச் சட்டத்தில் 92, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-வது பிரிவு.

அதே தெருவில் இன்று நடந்தால்

ஒவ்வொரு படிக்கும் ஒரு செயல் வேண்டும். தெளிவில்லாத எதையும் பார்த்தால், நிற்காவிட்டாலும் வேகத்தைக் குறைத்து உரக்கக் கேட்க வேண்டும்: "பாப்பாவுக்கு என்ன ஆச்சு?" கேள்வி எழுந்தவுடன் சுற்றியுள்ள அமைதி உடைகிறது. அடுத்தவர் இனி ஒன்றும் இல்லாததுபோல் போக முடியாது.

பொறுப்பை ஆள்பார்த்துக் கொடுக்க வேண்டும். "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்றால் எல்லாரும் அடுத்தவர் கூப்பிடுவார் என்று நிற்பார்கள். "நீல சட்டை அண்ணே, நீங்க 108-க்கு அடிங்க, பேசிட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க." "தம்பி, உன் வண்டியைக் குறுக்க நிறுத்து, வர்ற வண்டியை மறி." "அக்கா, நீங்க கடை கடையாப் போய் யார் பிள்ளைன்னு கேளுங்க." ஃபோஷானில் பொறுக்கும் பெண் தனியாகச் சமாளித்த வேலை இப்படிப் பிரிந்திருந்தால் குழந்தையின் பக்கத்தில் ஒருவர் எப்போதும் இருந்திருப்பார். வண்டியைக் குறுக்கே நிறுத்துவதுதான் முதல் வேலை. இரண்டாவது வண்டி ஏறியது அது நடக்காததால்தான்.

108-ல் சொல்ல வேண்டியவை: இடம், பக்கத்து அடையாளம், நெடுஞ்சாலையானால் கிலோமீட்டர் கல் எண், எத்தனை பேர், பேச்சு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணும் உண்டு.

குழந்தையிடம் போகிறவர் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்குள் பார்க்க வேண்டும். மூச்சு இருந்து, வண்டி வராத இடமானால் நகர்த்த வேண்டாம். தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். நகர்த்தியே ஆக வேண்டுமானால் அக்குள் பக்கத்துச் சட்டையைப் பிடித்து, தலையை முன்கைகளுக்கு இடையே அணைத்து, உடலின் நீளவாக்கில் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் புரட்டவோ மடக்கித் தூக்கவோ கூடாது. ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் எடுத்துப் பார்க்காமல் மேலே இன்னொன்றை வைக்க வேண்டும். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய ரத்தம் கலையும். மூச்சில்லையென்றால் மார்பின் நடுவில், இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு கையின் அடிப்பாகத்தால், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். செயற்கை மூச்சு கொடுக்கப் பழகியவர் அதையும் சேர்த்துச் செய்யலாம். தண்ணீர் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு, அடிபட்டவரை பைக்கில் இருவருக்கு நடுவில் மடித்து உட்கார வைத்துக் கொண்டுபோவது. கழுத்து முறிவு இருந்தால் அந்தப் பயணமே முடக்கிவிடும்.

சந்தைத் தெருக்களில் கடைக்காரர் சங்கம் செய்யக்கூடியது எளிது. எந்தக் கடைக்கு முன் எது நடந்தாலும் அந்தக் கடையும் எதிர்க்கடையும் முதல் பொறுப்பு என்று பேசிவைத்துக்கொள்ளலாம். ஷட்டருக்கு உட்புறம் 108, பக்கத்து மருத்துவமனை எண், தெருவின் சரியான முகவரி எழுதி ஒட்டலாம். பதற்றத்தில் தன் தெருப் பெயரையே மறந்துவிடுபவர்கள் உண்டு.

மருத்துவமனை வாசலில், உதவியவரின் உரிமைகளை எழுதிய பலகை தமிழிலும் இருக்க வேண்டும் என்பது விதி. கொண்டுவந்து சேர்த்தவர் கேட்டால், சேர்த்த நேரமும் இடமும் குறித்த ஒப்புகைச் சீட்டை மருத்துவமனை கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பெயர் எழுத விருப்பமில்லை என்றால், "நான் ரோட்டுல பார்த்துக் கொண்டுவந்தவன்" என்று சொல்லிவிட்டு, எழுதாமலும் கிளம்பலாம்.